வாங்க வந்தவர் தந்த பதினேழு குறைகள்



சீதனமாகக் கிடைத்த வீட்டை விற்கும் நிலை எனக்கு 2016 இல் வந்தது. கணவரை இழந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகளின் படிப்புச் செலவும் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடனும் கழுத்தை நெரித்தன. வலிகாமத்தில் நான்கு பரப்புக் காணியும் 1978 இல் அப்பா கட்டிய கல்வீடும்தான் என்னிடம் இருந்த சொத்து. தரகர் மூலம் ஒருவர் வந்தார். விலையும் ஓரளவு பொருந்தியது. "ஒருக்கா ஓவசியரைக் கூட்டிவந்து பார்க்கிறோம் அக்கா" என்றார். நானும் சம்மதித்தேன்.

ஓவசியர் அரை நாள் நின்றார். வளையைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், சுவரில் சுத்தியலால் தட்டினார். மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது. அதில் பதினேழு குறைகள். "எல்லாம் திருத்தித் தாருங்கோ, இல்லையென்றால் ஆறு இலட்சம் குறையுங்கோ" என்று கேட்டிருந்தார்கள்.

முதலாவது குறை, முன் விறாந்தைச் சுவரின் வெடிப்பு. 1995 ஒக்டோபரில் நாங்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்திருந்தபோது முற்றத்தில் விழுந்த ஷெல்லின் அடையாளம் அது. திரும்பி வந்ததும் என் கணவர் தன் கையால் சீமெந்து பூசிய இடம். அதைத் தாளில் 'குறை' என்று படித்தபோது என்னையே யாரோ குறை சொன்னது போலிருந்தது. அழுதேன். வந்த ஆள் போய்விடுவாரோ என்ற பயத்தில், கேட்டதைக் குறைத்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

அன்று என்னைத் தடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. "இண்டைக்கு ஒரு பதிலும் சொல்லாதை பிள்ளை. முதல்ல உன்ரை மேசனைக் கூப்பிட்டுக் காட்டு" என்றார். அந்தச் சொல்தான் என்னைக் காப்பாற்றியது.

மூன்றாகப் பிரித்தோம்

எங்கள் ஊர் மேசன் அண்ணையும் ஒரு மின்சார வேலைக்காரரும் வந்து பார்த்தார்கள். தாளில் இருந்தவற்றை மூன்றாகப் பிரித்தோம்.

முதலாவது, குடியிருப்போருக்கு ஆபத்தானவை. இவை ஐந்து. கறையான் அரித்த வளையும் சிலாகைகளும், கம்பி துருப்பிடித்து வெடித்திருந்த குசினிப் பிளேற், நிலத்தொடுப்பு இல்லாத பழைய வயரிங், இடிந்த கிணற்றுக்கட்டு, உடைந்த மலக்குழி மூடி. குசினியை 2003 இல் கடல்மணல் கலந்து கட்டியிருந்தோம். அதிலுள்ள உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்னும், துரு ஊதி கொங்கிறீற்றைப் பிளக்கும் என்று மேசன் விளக்கினார்.

இரண்டாவது, பழைய வீட்டுக்கு இயல்பானவை. நிறம் மங்கிய சுவர், தேய்ந்த சீமெந்து நிலம், இறுகிய யன்னல், ஷெல் வெடிப்பு என்று எட்டு. விறாந்தை வெடிப்பு பூச்சில் மட்டும்தான், அத்திவாரம் அசையவில்லை என்று மேசன் பார்த்துச் சொன்னார். இவையெல்லாம் முதல் நாளே கண்ணுக்குத் தெரிந்தவை. அவற்றைப் பார்த்துத்தான் விலை பேசப்பட்டது.

மூன்றாவது, வாங்குபவரின் ஆசைகள். மாபிள் பதித்தல், புதுக் கேற் என்று நான்கு. அவை என் பொறுப்பு அல்ல.

ஆபத்தான ஐந்துக்கும் மதிப்பீடு எழுதி வாங்கினேன். கூரை 85,000, பிளேற் 60,000, வயரிங் 28,000, கிணற்றுக்கட்டு 22,000, மலக்குழி மூடி 15,000. மொத்தம் 210,000 ரூபா. ஆறு இலட்சம் எங்கே, இது எங்கே!

எதைத் திருத்துவது, எதைக் குறைப்பது?

வயரிங்கும் மலக்குழி மூடியும் சிறிய வேலைகள். இரண்டு நாளில் முடியும், செலவும் தெரியும். அவற்றை நானே செய்து தருவதாகச் சொன்னேன். கூரையில் கை வைக்க நான் துணியவில்லை. ஓட்டைக் கழற்றினால் உள்ளே இன்னும் எவ்வளவு அரித்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இடையில் மழை வந்தால் வேறு நட்டம். செய்து முடித்தாலும் "சரியில்லை" என்று வாங்குபவர் சொல்லலாம். ஆகவே மீதி மூன்றுக்கும் விலையில் குறைப்பதாகச் சொன்னேன்.

தரகரையும் அந்த அக்காவையும் வைத்துக்கொண்டு பேசினோம். "தம்பி, இது என்ரை மேசன் போட்ட கணக்கு. நீங்களும் உங்கடை ஆளிட்டைக் கேட்டுப் பாருங்கோ" என்று தாளை நீட்டினேன். அவர் இரண்டு இலட்சம் கேட்டார். 180,000 இல் முடிந்தது. நான் செலவழித்த 43,000 ரூபாவையும் சேர்த்தால் எனக்குப் போனது 223,000 ரூபாதான்.

மறைக்காதீர்கள், எழுதாமல் விடாதீர்கள்

மாரியில் மலக்குழி நிரம்பிவிடும் என்பது ஓவசியரின் தாளில் இல்லை. அதை நானாகவே சொன்னேன். தெரிந்த குறையை மறைத்து விற்றால் உறுதி முடித்த பின்னரும் விற்றவர் பதில் சொல்ல வேண்டி வரலாம் என்று நொத்தாரிசு விளங்கப்படுத்தினார். நான் சொன்னதனால் விலை குறையவில்லை. மாறாக, மற்றக் குறைகளைப் பற்றி நான் சொன்னதையும் அவர் நம்பினார்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசுக்கும் இரு சாட்சிகளுக்கும் முன்னால் கையொப்பமிடப்பட வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எனவே முற்பணம் வாங்கும்போதே உடன்படிக்கையில் எல்லாவற்றையும் எழுதுவித்தேன். நான் திருத்தித் தருபவை இவை, குறைத்த தொகை இவ்வளவு, மீதியை உள்ள நிலையிலேயே வாங்குபவர் ஏற்கிறார் என்று தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். சிட்டைகளையும் பத்திரப்படுத்தினேன். முற்பணத்தில் இந்த வேலைக்கு மேல் ஒரு சதமும் தொடவில்லை. விற்பனை குழம்பினால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! முழுப்பணமும் கைக்கு வந்து உறுதியில் கையொப்பமிட்ட பிறகே திறப்பைக் கொடுத்தேன்.

சகோதரிகளே, துணையின்றி நிற்கும் பெண் என்றால் பயந்து இறங்கிவிடுவாள் என்று சிலர் எண்ணுவதுண்டு. குறைகள் எழுதிய தாளைக் கண்டு கலங்காதீர்கள். அது தீர்ப்பு அல்ல, பேச்சின் தொடக்கம். இரண்டு நாள் தவணை கேளுங்கள். உங்களுக்கு நம்பிக்கையான மேசனிடம் காட்டுங்கள். நியாயமானதை ஏற்று, நியாயமில்லாததை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

கடைசி நாள் அந்த விறாந்தைச் சுவரைக் கையால் தடவிவிட்டு வெளியே வந்தேன். கடன் தீர்ந்தது. மகள் படித்து முடித்து இன்று வவுனியாவில் ஆசிரியை. நான் அவளோடு இருக்கிறேன்.