கோஷா ஆஸ்பத்திரிக்கு வந்த லூசி வில்ஸ்

கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகைக் கடும் ரத்தசோகையை மலிவான ஓர் உணவுப்பொருளால் தீர்க்க முடியும் என்று காட்டியவர் லூசி வில்ஸ். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகருக்கு அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டில் 1888 மே 10 அன்று பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்து 1911இல் தேர்வுகளை முடித்தார். பெண்களுக்குப் பட்டம் தரும் வழக்கம் அப்போது அங்கே இல்லை. அதனால் படிப்பு இருந்தும் பட்டம் இல்லாமல் வெளியே வந்தார். முதல் உலகப் போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தவர், கேப் டவுனில் சில வாரங்கள் தொண்டராக நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். மறு ஆண்டே லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். மருத்துவராகத் தேறிய 1920இல் அவருக்கு வயது 32.

மருத்துவத் தொழில் நடத்துவதில் அவர் நாட்டம் கொள்ளவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் கர்ப்பகால உடல் மாற்றங்களை ஆராய்ந்து வந்தார். அந்த அனுபவம்தான் 1928இல் அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது.

பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகள் பலர் உடல் வெளிறி, மூச்சு வாங்கி, மாதம் ஏற ஏற நலிந்து போனார்கள். பிரசவத்தில் இறந்தவர்களும் உண்டு. அவர்களுடைய ரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்திருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் இயல்பைவிடப் பெரிதாக இருந்தது. இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சிறுத்துப் போகும். பெருத்திருந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு வில்ஸ் முதலில் நோய்க்கிருமியைத் தேடினார், தடயம் கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். இந்த வரலாற்றின் திருப்பம் இதுதான். வசதியுள்ள வீட்டுப் பெண்களிடம் அரிதாக இருந்த நோய், பழமும் காய்கறியும் புரதமும் குறைவாக உண்ட ஏழைப் பெண்களிடம் மிகுந்திருந்தது. அதே உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். எலிகளிடம் பேன் பரப்பிய ஒரு தொற்று முடிவுகளைக் குழப்பவே, சோதனையை ரேசஸ் குரங்குகளில் தொடர்ந்தார்.

பம்பாயோடு அவர் வேலை நின்றுவிடவில்லை. 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931 தொடக்கத்தில் சென்னையின் கோஷா மருத்துவமனையிலும் ஆய்வு நடத்தினார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டத் தயங்கிய பெண்களுக்காக 1885இல் மேரி ஷார்லீப் தொடங்கிய மருத்துவமனை அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் நான்கு மாணவிகளில் ஒருவரான ஷார்லீப், பின்னர் வில்ஸ் படித்த அதே லண்டன் பள்ளியிலும் படித்தவர். இன்று அரசு கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை என்று பெயர் மாறிவிட்டாலும், திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான்.

1926இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள், அதுவரை உயிர்க்கொல்லியாக இருந்த வேறொரு ரத்தசோகைக்கு ஈரல் உணவால் தீர்வு கண்டிருந்தார்கள். ஈரல் சாறு வில்ஸின் நோயாளிகளுக்கும் பலன் தந்தது. ஆனால் ஏழைகளுக்கு அது எட்டாத விலை. ஈஸ்டிலிருந்து எடுக்கப்படும் மார்மைட் என்ற மலிவான பசையை அவர் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகள் சில நாட்களிலேயே தெளிந்தார்கள். 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

அவர் அங்கேயும் நிற்கவில்லை. மைனாட்டின் நோயாளிகளுக்கு உதவிய சுத்திகரித்த ஈரல் சாறு தம் நோயாளிகளுக்கு உதவவில்லை, சுத்திகரிக்காத சாறுதான் உதவியது என்று கண்டார். ஆகவே குணப்படுத்தும் பொருள் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று பின்னாளில் வைட்டமின் பி12 என்று அறியப்பட்டது. மற்றதற்கு உலகம் 'வில்ஸ் காரணி' என்று பெயரிட்டது. பெயர் தெரியாத ஒரு பொருளை, அது செய்யும் வேலையை மட்டும் வைத்து இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டியது பெரிய சாதனை.

1941இல் பசலை வகைக் கீரையொன்றிலிருந்து அப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது. 1945இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். தற்செயல்தான் என்றாலும், சென்னை பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய தற்செயல்.

அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் பெருத்திருந்ததன் காரணமும் இப்போது தெரியும். எலும்பு மஜ்ஜையில் ஓயாமல் புதிய ரத்த அணுக்கள் பிறக்கின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதன் டிஎன்ஏ இரட்டிப்பாக வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அது இல்லாதபோது அணு பிரிய முடியாமல் பெருத்துக்கொண்டே போகிறது. வயிற்றில் குழந்தை வளரும்போது தேவை இன்னும் கூடுகிறது.

1933இல் ராயல் ஃப்ரீக்குத் திரும்பிய வில்ஸ், பின்னர் அங்கே நோயியல் துறைத் தலைவராகி, ரத்தவியலுக்குத் தனித் துறையையும் உருவாக்கினார். 1947இல் ஓய்வு பெற்ற பிறகும் ஜமைக்கா, ஃபிஜி என்று ஆய்வுக்காகப் பயணம் செய்தார். லண்டனின் செல்சி பகுதியில் தொழிற்கட்சிக் கவுன்சிலராகவும் இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரல் 16 அன்று காலமானார்.

ஃபோலிக் அமிலத்தின் இன்னொரு பெரும் பயன் அவர் மறைவுக்குப் பின்தான் உறுதியானது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கருவுற்ற நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திராத நேரம் அது. முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் இதில் ஏற்படும் குறைபாடுகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்று 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு நிறுவியது.

இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வசிப்பது எங்கே என்றாலும், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைக் கேட்டு ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கிவிடுங்கள். கீரை வெந்த தண்ணீரையும் வடித்துக் கொட்டாதீர்கள். கீரையிலுள்ள ஃபோலிக் அமிலச் சத்து அந்த நீரில் கரைந்து போய்விடும்.