வாலிபமும் விளையாட்டும்

 

அரசுப் பொதுத் தேர்வுக்கு இன்னும் ஆறு மாதங்கள் இருக்கும்போதே நம் வீடுகள் பலவற்றில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்துவிடுகிறது. பந்தும் மட்டையும் பரண்மேல் ஏறிவிடுகின்றன. "படிக்கிற வயதில் உனக்கு என்ன விளையாட்டு?" என்ற கேள்வியோடு வாசற்கதவு சாத்தப்படுகிறது. பள்ளிக்கூடங்களும் இதில் சளைத்தவை அல்ல. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கடன் வாங்கிக்கொள்வார். அந்தக் கடன் திரும்பி வருவதே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பந்தைப் பறித்த அதே கைதான், பையன் வெளியே சுற்றாமல் வீட்டில் இருக்கட்டுமே என்று கைப்பேசியை எடுத்துக் கொடுக்கிறது.

தொண்டாமுத்தூர் வட்டாரத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். தென்னையும் பாக்கும் தக்காளியும் வெங்காயமும் விளைகின்ற பூமி. அறுவடை முடிந்த காட்டில் மூன்று குச்சிகளை நட்டு மட்டைப்பந்து ஆடிய தலைமுறை ஒன்று இங்கு உண்டு. இன்று அத்தகைய இடங்கள் பலவற்றில் மனைக்கற்கள் நடப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளோ காலையில் பேருந்தேறிக் கோவைக்குப் படிக்கச் சென்று, மாலையில் திரும்பி, தனிப்பயிற்சி வகுப்புக்கும் மக்தப் மதரஸாவுக்கும் ஓடுகிறார்கள். விளையாட இடமும் குறைந்தது, நேரமும் குறைந்தது. இதனால் அவர்கள் இழப்பது என்ன என்பதை நாம் ஆற அமரச் சிந்திக்க வேண்டியுள்ளது.

மதீனத்து மைதானங்கள்

விளையாட்டு வீண்பொழுது என்று கருதுவோர் நபி (ஸல்) அவர்களின் வாழ்வை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் அண்ணலார் ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதல் முறை அன்னையார் முந்தியதும், பின்னர் ஒரு பயணத்தில் அண்ணலார் முந்தி, அன்றைக்கு இன்று சரியாகிவிட்டது என்று சொன்னதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன.

குதிரைப் பந்தயம் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. போட்டிக்கென உடல் இறுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு அல்ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு மைல் தூரம். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் மட்டும். அதில் கலந்துகொண்டவர்களில் இளைஞராக இருந்த இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். திறனுக்கேற்பப் பிரிவு, பிரிவுக்கேற்பத் தூரம் என்னும் ஒழுங்கு அன்றே இருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு மோதவிட்டு, "உனக்கு ஒன்றும் வராது" என்று ஒதுக்கிவிடும் நம் அவசரத்தை இத்துடன் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

அஸ்லம் குலத்தார் இரு அணிகளாகப் பிரிந்து அம்பெய்து கொண்டிருந்தார்கள். அவ்வழியே வந்த நபி (ஸல்) அவர்கள் அவர்களை ஊக்குவித்து, தாம் ஓர் அணியுடன் இருப்பதாகச் சொன்னார்கள். உடனே எதிரணியினர் அம்பெய்வதை நிறுத்திவிட்டனர். அல்லாஹ்வின் தூதர் அந்தப் பக்கம் இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்பது அவர்களின் தயக்கம். அப்போது அண்ணலார், தாம் எல்லோருடனும் இருப்பதாகக் கூறி ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. நம் ஊர்ப் போட்டிகளில் நடுவராக நிற்கும் பெரியவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அண்ணலாரின் ஒட்டகம் அள்பாவை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமவாசி தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மனவருத்தமாயிற்று. உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று சொல்லி நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். தோல்வியைச் சகித்துக்கொள்ளும் பயிற்சியை நம் பிள்ளைகளுக்கு எங்கே தருகிறோம்? தேர்வில் மதிப்பெண் குறைந்தால் உலகமே இடிந்துவிட்டதாக எண்ணும் பிள்ளை, வாரத்திற்கு மூன்று முறை கைப்பந்தில் தோற்று, மறுநாளும் அதே திடலுக்கு வந்தவனாக இருந்தால் சற்று வேறுவிதமாக எண்ணுவான். தோற்றாலும் நாளை உண்டு என்பது அவனுக்கு உடம்பாலேயே தெரிந்திருக்கும்.

கொங்கு மண்ணின் இரு பிள்ளைகள்

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர் மாரியப்பன் தங்கவேலு. 1995-இல் பிறந்தவர். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போனபோது பேருந்து மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. தாயார் கூலி வேலை செய்தும் காய்கறி விற்றும் பிள்ளைகளை வளர்த்தார். மருத்துவத்திற்காக வாங்கிய கடன் நெடுங்காலம் அக்குடும்பத்தை அழுத்தியது. "பாவம், பையனை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவது எவருக்கும் எளிதாக இருந்திருக்கும். ஆனால் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டும் போட்டிக்கு அனுப்பினார். பதினான்காம் வயதில், கைகால் நலமுடைய மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். பின்னர் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். பதக்கங்களைவிட என்னை வியக்க வைப்பது, மூன்று பாராலிம்பிக்குகளுக்கு இடைப்பட்ட அந்த எட்டாண்டுக் காலம். தங்கம் வென்றவர் அடுத்து வெள்ளியும் அதற்கடுத்து வெண்கலமும் பெற்றால், இறங்கிக்கொண்டு போகிறார் என்று ஊர் பேசும். அவரோ ஓயாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அதே மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்த தங்கராசு நடராஜன், இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். ரஞ்சிப் போட்டியில் காலெடுத்து வைத்ததுமே அவருடைய பந்துவீச்சு முறைமீது ஐயம் எழுப்பப்பட்டது. பலர் அத்துடன் ஓய்ந்துபோவார்கள். அவர் தம் வீச்சு முறையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2020-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வலைப்பயிற்சியில் பந்துவீசும் துணையாளாகச் சென்றவர், அதே பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிறகு தம் ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்தார். அது 2023-இல் திறக்கப்பட்டது.

ஒரு நடராஜன் உருவாகிறார் என்றால் அவரைப் போலவே ஆசைப்பட்ட ஆயிரக்கணக்கானோர் உள்ளூர்ப் போட்டிகளோடு நின்றுவிடுகிறார்கள் என்பதையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்குத் தமிழக அரசு 3 விழுக்காடு ஒதுக்குவதும், பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்குத் தனி இடங்கள் இருப்பதும் உண்மைதான். ஆயினும் அவற்றை நம்பி மட்டும் பிள்ளையைத் திடலுக்கு அனுப்பினால், பதக்கம் கிடைக்காத நாளில் தகப்பனாருக்கும் மகனுக்கும் மனக்கசப்புதான் மிஞ்சும். பதக்கமே கிடைக்காத பிள்ளைக்கும் விளையாட்டு தருகின்ற பலன் ஒன்று உண்டு. அதைப் பார்ப்போம்.

உடம்பும் உள்ளமும்

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 11 முதல் 17 வயதுள்ளோரில் நூற்றுக்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை என்று 2016-ஆம் ஆண்டின் உலகளாவிய கணக்கு காட்டியது. சிறுவரில் 78, சிறுமியரில் 85.

எலும்பில் சேரும் தாதுச் சத்தின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. குதிப்பதும் ஓடுவதும் எலும்பின்மீது பாரத்தை ஏற்றுகின்றன; பாரம் ஏறும் எலும்பு உறுதிப்படுகிறது. ஐம்பது வயதில் இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் மருத்துவரிடம் வரிசையில் நிற்கும் நம் தாய்மார்கள், பன்னிரண்டு வயதில் ஓட்டம் நிறுத்தப்பட்ட சிறுமிகளாக இருந்தவர்கள் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? உழைக்கும் தசை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை ஈர்த்துச் செலவிடுகிறது. 10 கோடிக்கும் அதிகமான நீரிழிவு நோயாளிகள் உள்ள நாடு இது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. பிரியாணியும் பரோட்டாவும் விருந்தாகும் நம் வீடுகளுக்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

படிப்பு கெடும் என்ற அச்சத்திற்கும் விடை உண்டு. மாலையில் வியர்க்க விளையாடிய பிள்ளைக்கு இரவில் தூக்கம் ஆழமாக வரும். படித்தது நினைவில் பதிவதற்குத் தூக்கம் இன்றியமையாதது. நள்ளிரவு வரை கைப்பேசி வெளிச்சத்தில் விழித்திருந்து, ஃபஜ்ருக்கு எழ முடியாமலும் முதல் பாடவேளையில் கண் சொருகியும் கிடக்கும் பிள்ளையிடமிருந்து பந்தைப் பறித்து என்ன இலாபம்?

ஆடுவதும் பார்ப்பதும்

விளையாட்டைப் பார்ப்பது விளையாட்டு ஆகாது. இதில் நம் இளைஞர்கள் பலர் ஏமாந்து போகிறார்கள். இரவெல்லாம் கிரிக்கெட் பார்ப்பவன் தன்னை விளையாட்டு ஆர்வலன் என்கிறான். நூறு மீட்டர் ஓடச் சொன்னால் இளைக்கிறான். பார்ப்பதோடு நிற்காமல், யார் எத்தனை ஓட்டம் எடுப்பார் என்று பணம் கட்டும் செயலிகள் வந்து பல குடும்பங்களைக் கடனில் தள்ளின. தமிழகம் 2022-இல் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. சூதாட்டத்தை விலக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் வசனத்தை அறிந்த சமுதாயத்துக்கு இச்சட்டங்கள் புதிதல்ல. ஆனாலும் மகனின் கைப்பேசியில் என்ன செயலி இருக்கிறது என்று பார்க்கும் வேலை சட்டத்தால் ஆவதில்லை. அது வீட்டில் உள்ள அத்தாவின் வேலை.

நம் பெண்மக்கள்

சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்றார். கேரம் எலும்பை உறுதியாக்கும் விளையாட்டு அன்று என்று நீங்கள் சொல்லக்கூடும்; சரிதான். ஆனால் அந்த வீட்டில் மகளின் விளையாட்டை யாரும் பரண்மேல் ஏற்றவில்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. தலைமறைப்பு அணிந்து ஆடக் கால்பந்துச் சம்மேளனம் 2014-இலும் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017-இலும் இசைவளித்துவிட்டன. ஹிஜாபுடன் வாள்வீச்சில் களமிறங்கிய அமெரிக்க வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மது 2016 ரியோ ஒலிம்பிக்கில் குழுப் பிரிவில் வெண்கலம் வென்றார். ஆக, உடை ஒரு தடை என்று சொல்லும் காலம் போய்விட்டது. ஒழுக்கமான சூழலும் பெண் பயிற்சியாளரும் பாதுகாப்பான இடமும் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அவற்றை ஏற்படுத்தித் தருவது ஜமாஅத்தின் பொறுப்பு. கல்யாண மண்டபம் கட்ட வசூல் செய்யும் நாம், சுற்றுச்சுவர் உள்ள ஒரு பூப்பந்துத் திடலுக்கும் வசூல் செய்யலாமே!

கோவைக்கு மட்டும் ஒரு வார்த்தை

1997 நவம்பர்க் கலவரத்தையும் 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்பையும் கண்ட நகரம் இது. அதன்பின் பிறந்த பிள்ளைகளில் பலர் அடுத்த சமூகத்துப் பிள்ளையின் வீட்டு வாசலை மிதிக்காமலேயே வளர்ந்துவிட்டார்கள். ஒரு கபடி அணிக்கு ஏழு பேர் வேண்டும். ஏழு பேரும் ஒரே தெருவில் நல்ல ஆட்டக்காரர்களாக அமைவது அரிது. பிடியில் சிக்கிய நண்பனைக் கைதூக்கி விடுபவன் அவன் பெயரைக் கேட்டுத் தூக்குவதில்லை. பெரியவர்கள் நடத்தும் நல்லிணக்கக் கூட்டங்களைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆயினும் மாலைதோறும் சேர்ந்து ஆடிய இளைஞர்களிடையே வதந்தி நுழைவது கடினம் என்பது என் கருத்து. இதற்கு மாறாக, பிள்ளைகளின் அணியைத் தெருவாலும் சாதியாலும் மதத்தாலும் பிரித்துப் பெயர் சூட்டிக் கோப்பைக்கு மோதவிடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அங்கே விளையாட்டு பகையைத்தான் வளர்க்கும். அத்தகைய போட்டிகளுக்கு நன்கொடை கொடுக்காதீர்கள்.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அறுபது நிமிட ஆட்டம், கைகால் கழுவி உளூச் செய்து பள்ளிக்கு வர மீதி நேரம். மக்தப் வகுப்பை மஃக்ரிபுக்குப் பின் வைத்துக்கொள்ள உஸ்தாதுமார்கள் இசைந்தால் இரண்டுமே நடக்கும். பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்கு அறுபதை முப்பதாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். ரமளானில் கடின ஆட்டத்தை விட்டு, இஃப்தாருக்குப் பின் நடைப்பயிற்சி போதும். நரசிபுரம், தேவராயபுரம் போன்ற அண்டை ஊராட்சிகளில் இருப்போர், கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு தங்கள் ஊராட்சிக்கு வந்ததா, இப்போது யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்டறியலாம். 2024 முதல் கிராம ஊராட்சிகளுக்கு அது வழங்கப்பட்டது. மலையோரத் திடல்களில் ஆடும் பிள்ளைகளுக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: இருட்டினால் யானை இறங்கும் பகுதி இது. பந்து தோப்புக்குள் போய்விட்டால் அன்றைக்குத் தேட வேண்டாம். விடிந்தபின் இரண்டு பேராகப் போய் எடுத்துக்கொள்ளட்டும்.