அப்பா, அம்மாவின் எக்கோ எங்கே?

கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் நாயைப் பார்த்தால் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றும். பெரிய கண்கள், நீளமான பட்டுக் காதுகள், யாரோடும் ஒட்டிக்கொள்ளும் குணம். ஆனால், ஆறேழு வயதுக்குள் இவற்றில் சுமார் பாதிக்கு இதயக் கோளாறு தொடங்கிவிடுகிறது. பத்து வயதில் தப்பி நிற்பவை வெகு சில.

பழுதாவது இதயத்தின் இடப்பக்கம் உள்ள மிட்ரல் வால்வு. அது தடித்துச் சுருங்கி, சரியாக மூடாமல் போகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. வருடக்கணக்கில் இதயம் வீங்கி, கடைசியில் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரவில் இருமல், படுக்க முடியாத மூச்சிரைப்பு. மாத்திரைகள் நாளைத் தள்ளிப்போடும், வால்வைச் சரிசெய்யாது.

இந்த நோயின் வேர் இனத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1926இல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் பழைய நீள மூக்கு ஸ்பேனியலுக்கு 25 பவுண்டு பரிசு அறிவித்தார். அப்படித்தான் இந்த இனம் மீண்டும் உருவானது. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில நாய்களிலிருந்தே வம்சம் பெருகியது. நோயும் கூடவே வந்தது.

இதில் கொடுமை, காலக்கணக்குதான். இரண்டு வயதில் குட்டி போட்டுவிடும் நாய்க்கு, ஐந்து வயதில்தான் நோய் தெரிகிறது. பரிசு வாங்கிய ஆண் நாய் என்றால், அதற்குள் எத்தனையோ குட்டிகளுக்குத் தகப்பனாகியிருக்கும். அதனால்தான் இதய மருத்துவர்கள் விதி வகுத்தார்கள்: இரண்டரை வயதுக்கு முன் இனச்சேர்க்கை கூடாது; அந்த நாயின் தாய் தகப்பனின் இதயமும் ஐந்து வயதில் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு வயதில் வாங்கிய சான்றிதழைக் காட்டுவது ஏமாற்று வேலை.

சோதனை எளிதுதான். இடப்பக்க மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், இரண்டு துடிப்பொலிகளுக்கு நடுவே 'உஷ்' என்று கேட்கும். அதுதான் மர்மர். அடுத்தது எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் சோதனை. பக்கவாட்டில் படுக்கவைத்த நாயின் மார்பில் கருவியை வைத்தால், வால்வின் மடல் பின்னால் சரிவது திரையில் தெரியும். காதுக்கு எட்டாததைக்கூட எக்கோ காட்டிவிடும்.

இனப்பெருக்கத்துக்கு நாய்களைத் தேர்ந்தெடுக்க ஸ்வீடன் ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பியது. 2010இல் வெளியான ஆய்வின்படி நோய் குறையவே இல்லை. டென்மார்க் 2001 முதல் எக்கோவையும் சேர்த்துக் கட்டாயமாக்கியது. எட்டு முதல் பத்து ஆண்டுகளில் நோய் வரும் அபாயம் 73 சதவீதம் குறைந்ததாக 2016இல் ஆய்வு சொன்னது. விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விட்டிருந்தால் இது நடந்திருக்காது என்பதே என் உறுதியான எண்ணம்.

நார்வே ஒரு படி மேலே போனது. 2023 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கேவலியர் இனப்பெருக்கம் விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. அறிவியல் முறைப்படி வேறு இனத்தோடு கலப்பதற்கு மட்டும் வழி விட்டது. இந்த வழி முக்கியமானது. நோயுள்ளவற்றை மட்டும் ஒதுக்கிக்கொண்டே போனால், மிஞ்சும் கூட்டம் சிறுத்து வேறு பரம்பரை நோய்கள் தலைதூக்கும்.

எந்த நாட்டில் கேவலியர் குட்டி வாங்கினாலும் சரி, அதன் தாய் தகப்பனின் எக்கோ அறிக்கையைக் கேளுங்கள். எந்த வயதில் எடுத்தது என்று பாருங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.