வாகோபாவும் வார்லிச் சுவரும்

புனே ரயில் நிலையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத குயின்ஸ் கார்டன் பகுதியில் மகாராஷ்டிர அரசின் பழங்குடியினர் ஆய்வு மற்றும் பயிற்சி நிறுவனம் இயங்கிவருகிறது. 1962-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் வளாகத்திலேயே ஆதிவாசி அருங்காட்சியகமும் அமைந்திருக்கிறது. காடும் காட்டுக் கதைகளும் ஓவியமாக, முகமூடியாக, மரச்சிற்பமாக மாறிய விதத்தை ஒரே கூரையின்கீழ் பார்ப்பதற்கு மகாராஷ்டிரத்தில் இதைவிடப் பொருத்தமான இடத்தைச் சொல்வது கடினம்.

அரசுப் பட்டியலின்படி மாநிலத்தில் 45 பழங்குடிகள் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் இவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் வார்லி, மகாதேவ் கோளி, தாக்கர், காத்கரி மக்களும், வடக்கே சாத்புரா மலையில் பில், கோர்க்கு மக்களும், கிழக்குக் காடுகளில் கோண்டு, மாடியா மக்களும் வாழ்கிறார்கள். அருங்காட்சியகத்தில் இருக்கும் கருவிகளும் நகைகளும் மூங்கில் கூடைகளும் அவர்களுடைய அன்றாடத்தைச் சொல்கின்றன. கதையைச் சொல்பவை முகமூடிகள். ஜவ்ஹார், மொக்காடா மலைக் கிராமங்களில் போஹாடா என்றொரு விழா நடக்கும். காகிதக் கூழில் செய்து வண்ணம் தீட்டிய முகமூடிகளை அணிந்துகொண்டு, தெய்வங்களும் அசுரர்களும் விலங்குகளுமாக ஊரார் இரவு இரவாக ஆடுவார்கள். அந்த ஆட்டத்தின் வேகத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் முகமூடியிடம் எதிர்பார்க்க முடியாது. கண்காட்சிக் கூடத்துக்கு வந்த எல்லாச் சடங்குக் கலைகளுக்கும் இந்த இழப்பு உண்டு.

இந்தக் கலைகளில் திரும்பத் திரும்ப வருபவர் வாகோபா. புலிக்கும் சிறுத்தைக்கும் உரிய தெய்வம் அவர். மரப்பலகையிலோ கல்லிலோ புலியுருவைச் செதுக்கி, பக்கத்தில் சூரியனையும் சந்திரனையும் சேர்த்து, செந்தூரம் பூசி, காட்டோரம் நிறுத்தியிருப்பார்கள். வார்லிகள் சொல்லும் கதையொன்றில் வாகோபா ஒரு பெண்ணின் வயிற்றில் பிறக்கிறார். புலியாக மாறி ஊரை அச்சுறுத்தும் மகனுக்கும் ஊருக்கும் நடுவில் தாயே நின்று சமாதானம் பேசுகிறாள். மகன் காட்டில் இருந்துகொள்ள வேண்டும், ஊரார் ஆண்டுக்கு ஒருமுறை அவனுக்குப் படையலிட வேண்டும் என்பதே உடன்பாடு. தீபாவளியை ஒட்டி வரும் வாக்பாரஸ் நாளில் அந்த வாக்கு இன்றும் காப்பாற்றப்படுகிறது. மும்பை புறநகர், தாணே, பால்கர் மாவட்டங்களில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வாகோபா கோயில்களைப் பதிவுசெய்திருக்கிறது. இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. புனே மாவட்டத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்குள்ளேயே சிறுத்தைகள் குட்டி போடுகின்றன. மனிதனும் சிறுத்தையும் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வது என்ற கேள்விக்கு வனத்துறை இன்றும் விடை தேடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பலகைச் சிற்பம் அதே கேள்விக்கு ஒரு சமூகம் எழுதிவைத்த பதில்.

உலகம் நன்கறிந்த வார்லி ஓவியமும் அலங்காரமாகத் தொடங்கியதல்ல. திருமணத்துக்கு முன் வீட்டுச் சுவரைச் சாணமும் செம்மண்ணும் கொண்டு மெழுகி, அரிசி மாவைக் கரைத்து, மூங்கில் குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கி, சுமங்கலிப் பெண்கள் ‘சௌக்’ எனப்படும் சதுரத்தை வரைவார்கள். நடுவில் பாலகட் என்னும் பயிர்த் தெய்வம் இருப்பாள். அவளைச் சுற்றி மரங்கள், மாடுகள், வேட்டைக்காரர்கள், கல்யாண ஊர்வலம், தாரைபோல் நீளும் மனிதச் சுருள் என்று காடே வந்து கூடும். அந்தச் சுருளின் மையத்தில் ஒருவர் தார்ப்பா ஊதிக்கொண்டு நிற்பார். சுரைக்குடுக்கையும் மூங்கிலும் பனையோலையும் சேர்த்துச் செய்த ஊதுகருவி அது. தவளேரி என்னும் பெண் பூசாரி பாடித்தான் திருமணத்தை நடத்திவைக்க வேண்டும். சௌக் இல்லாமல் கல்யாணம் இல்லை. மார்கழியில் வாசலில் மாக்கோலம் போட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

இந்தச் சுவர் காகிதத்துக்கு மாறியது 1970-களின் தொடக்கத்தில். கைவினைப் பொருள் வாரியத்தின் சார்பில் டஹாணு பகுதிக்கு வந்த கலைஞர் பாஸ்கர் குல்கர்னி, வார்லிப் பெண்களிடம் காகிதத்தைக் கொடுத்து வரையச் சொன்னார். அப்போது அவர் கண்ணில் பட்டவர் ஜிவ்யா சோமா மாஷே (1934–2018). சிறு வயதில் தாயை இழந்து, பேச்சை நிறுத்திவிட்டு, மண்ணில் கோடு கிழித்தே தன் மனத்தைச் சொன்ன பையன் அவர். பெண்கள் மட்டுமே வரைந்த கலையில் ஓர் ஆண், சடங்கு எதுவும் இல்லாத நாளிலும் தன் விருப்பத்துக்கு வரைந்தார். 1975-இல் மும்பையின் செமூல்ட் கலைக்கூடத்தில் அவர் படங்கள் காட்சிக்கு வந்தன. 1976-இல் தேசிய விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன.

மாஷே செய்தது சடங்குப் படத்தை நகலெடுப்பதன்று. அவருடைய மீன்வலை ஓவியங்களில் தாள் முழுவதும் மெல்லிய கோடுகளாலான வலை விரிந்து கிடக்கும். மீனும் மனிதரும் அதற்குள் மிகச் சிறியவர்களாக இருப்பார்கள். முக்கோணம், வட்டம், கோடு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு அசைவைக் காட்டும் திறமை அவருக்கு இருந்தது. 2003-இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில், நிலத்தில் நடந்தும் கல்லை அடுக்கியும் கலை படைக்கும் ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங்குடன் அவர் இணைந்து காட்சி வைத்தார்.

ஆதிவாசி ஒருவர் இன்று வரைவது ‘நாட்டார் கலை’யா, ‘சமகாலக் கலை’யா என்ற வாதம் இங்கேதான் எழுகிறது. அதற்கு முதலில் உறுதியான பதில் சொன்னவர், சிம்லாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்து ஓவியர் ஜே. சுவாமிநாதன். 1982-இல் போபாலில் திறக்கப்பட்ட பாரத் பவனில் நகரத்து ஓவியர்களின் படைப்புகளையும் ஆதிவாசிகளின் படைப்புகளையும் சமமாக வைத்துக் காட்டினார். அங்கே வளர்ந்த கோண்டு ஓவியர் ஜன்கட் சிங் ஷியாமின் படங்கள் 1989-இல் பாரிஸ் வரை சென்றன. 1998-இல் டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஜோதீந்திர ஜெயின் அமைத்த கண்காட்சியில் மாஷே, ஜன்கட் உட்பட ஐந்து கலைஞர்கள் தனித்தனி மேதைகளாகவே அறிமுகமானார்கள். சென்னையின் தாரா புக்ஸ் 2006-இல் வெளியிட்ட மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய ஆங்கில நூலில் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு ஓவியர்களின் மரக்கதைகள் உள்ளன. பட்டுத்திரை முறையில் கையால் அச்சிட்ட அந்த நூலுக்கு 2008-இல் இத்தாலியின் பொலோன்யா விருது கிடைத்தது.

மாஷே வாழ்ந்த கஞ்சாட் பகுதியைச் சேர்ந்த ராஜேஷ் வாங்கட் இன்னும் ஒரு படி மேலே போகிறார். 2013 முதல், புகைப்படக் கலைஞர் கௌரி கில் எடுக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களின் மேல் வார்லிக் கோடுகளால் அவர் வரைகிறார். கேமராவுக்கு அகப்படாத பழங்கதைகளும் பஞ்சமும் அழிந்த காடும் படத்தின் மேல் எறும்புச் சாரியாக ஊர்கின்றன. ஒரு நிலத்துக்கு நேர்ந்ததை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் படைப்பைச் சமகாலக் கலை என்று அழைக்கத் தயங்க எந்தக் காரணமும் இல்லை.

புனேக்குப் போகிறவர்கள் பாஜிராவ் சாலையிலுள்ள ராஜா தின்கர் கேள்கர் அருங்காட்சியகத்தையும் விடக்கூடாது. பைதண் பாணிச் சித்திரகதி ஓவியங்கள் அங்கே உள்ளன. ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டி, பாடிப் பாடி ராமாயண, பாரதக் கதைகளைச் சொல்லும் கலை சித்திரகதி. சிந்துதுர்க் மாவட்டம் பிங்குளியில் தாக்கர் சமூகத்தார் இதை இன்றும் நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவரான பரசுராம் கங்காவணேவுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பக்கவாட்டு முகமும் அகன்ற கண்ணும் கொண்ட சித்திரகதி உருவங்கள் தமிழ்நாட்டுத் தோல்பாவைகளின் உறவுக்காரர்களாகத் தெரியும். நம் ஊர்த் தோல்பாவைக்கூத்தை நடத்தும் மண்டிகர் வீட்டில் பேசுவது மராத்தி. தஞ்சை மராத்தியர் காலத்தோடு அவர்களின் வருகை இணைத்துச் சொல்லப்படுகிறது.

வார்லி ஓவியத்துக்கு 2014-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் புடவையிலும் தேநீர்க் குவளையிலும் ஹோட்டல் சுவரிலும் யாரோ அச்சடித்த வார்லி உருவங்கள் பெயரின்றிப் பெருகிக்கொண்டே இருக்கின்றன. சடங்கில் கையெழுத்து தேவைப்படவில்லை, ஊர் அறிந்திருந்தது. சந்தையில் பெயர் இல்லையென்றால் கூலியும் இல்லை. சௌக் வரைந்த எத்தனையோ பெண்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போய்விட்டது. கண்காட்சி நடத்துபவர்கள் படத்தின் கீழே ‘வார்லி, மகாராஷ்டிரம்’ என்று மட்டும் எழுதாமல், வரைந்தவரின் பெயர், ஊர், அந்தப் படத்தின் கதை ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். வாங்குகிறவர்களும் விலை பேசுவதற்கு முன்பு அந்த மூன்றையும் கேட்க வேண்டும்.