மேனாட்டிற் பேகன் நெறி: கற்கப் புகுவார்க்கு ஓர் அறிமுகம்

‘பேகன்’ என்னும் சொல் ‘பகானுஸ்’ என்னும் இலத்தீன் மொழிச் சொல்லினின்று பிறந்தது. நாட்டுப்புறத்தான் என்பது அதன் பழம்பொருள்களுள் ஒன்று. உரோமப் பேரரசிற் கிறித்தவம் பரவிய காலத்தில், அச்சமயத்தைத் தழுவாதாரைச் சுட்டும் இழிபெயராக அது மாறிற்று. மிசனரிமார் நம் முன்னோர்க்கு இட்டு வழங்கிய ‘அஞ்ஞானிகள்’ என்னும் பெயரும் இவ்வினத்ததே. ஆயின், இன்று மேனாட்டார் பலர் பேகன் என்னும் பெயரைத் தாமே விரும்பி ஏற்கின்றனர். அன்னார் நெறியைக் கற்கப் புகுவோர் முதலில் அறியவேண்டுவன யாவை?

பேகன் நெறி தனியொரு சமயமன்று. பல நெறிகளுக்குப் பொதுப்பெயர். விக்கா, துரூயிட் நெறி, வடபுலத்துப் பழந்தெய்வங்களைப் போற்றும் ஆசாத்துரு என்பன அவற்றுட் சில. அனைவர்க்கும் பொதுவான மறைநூலோ தலைமைக் குருவோ இல்லை. இயற்கையைத் தெய்வத்தன்மை உடையதாகப் போற்றுதலும், பெண்தெய்வத்துக்குச் சிறப்பிடம் அளித்தலும் பெரும்பாலும் காணப்படுவன. பலர் ஆண்டில் எட்டு விழாக்கள் எடுப்பர். ஞாயிறு வடகோடியும் தென்கோடியும் எய்தும் நாள்கள் இரண்டு, பகலும் இரவும் ஒத்த நாள்கள் இரண்டு, அவற்றின் இடைப்பட்டவை நான்கு.

இவற்றுள் விக்காவைப் பரப்பியவர் ஜெறல்ட் காட்னர் (1884–1964) என்னும் ஆங்கிலேயர். இவர் 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்திற் பணிபுரிந்தவர். பின்னர் மலாயாவிற் சுங்க அலுவலராயிருந்து 1936இல் ஓய்வு பெற்றார். சூனிய ஆற்றல் உடையார்போல் நடிப்போரைத் தண்டித்த 1735ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியாவில் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் காட்னர் தம் நெறியை விளக்கி நூலொன்று வெளியிட்டார். கிறித்தவத்துக்கு முந்திய சமயமொன்று மறைவாக வாழ்ந்துவந்ததென்பது அவர் கூற்று. மாகிறற் மறே என்னும் அறிஞர் 1921இல் வெளியிட்ட நூல் அதற்குத் துணையாயிற்று.

பின்வந்த வரலாற்றாசிரியர் மறேயின் முடிபை ஏற்றிலர். விசாரணைப் பதிவுகளுள் தம் கொள்கைக்கு இயைந்தனவற்றையே அவர் எடுத்தாண்டார் எனக் காட்டினர். பேராசிரியர் றொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட ‘திங்களின் வெற்றி’ எனப் பொருள்படும் நூல், விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்றதே என நிறுவிற்று. இயற்கையைப் பாடிய புலவர்தம் கவிதை, நாட்டார் வழக்காறு, மந்திரச் சடங்கு, பிறீமேசன் சங்க முறை ஆகியன அதன் மூலங்கள்.

அங்ஙனமாயின் அந்நெறி பொய்யோ எனின், அன்று. ஒரு நெறியின் வயதை வரலாறு அளக்கலாம். அதனால் வழிபடுவோன் உள்ளம் பெறும் பயனை அளத்தல் இயலாது. பேகன்களுட் பலர் ஹட்டனின் முடிபை ஏற்றும் தம் வழிபாட்டைக் கைவிட்டிலர். ஐசுலாந்தில் 1972இல் தோன்றிய ஆசாத்துருச் சங்கத்தை அந்நாட்டரசு 1973இல் அங்கீகரித்தது. அதன் பற்றுக்கோடாகிய எட்டா நூல்களோ, அந்நாடு கிறித்தவமாகி இருநூறாண்டுக்கு மேற்சென்றபின் ஏட்டில் எழுதப்பட்டவை.

ஆகவே, கற்கப் புகுவோர் கொள்ளவேண்டிய ஒழுங்கு மூன்று: எக்கிளையைப் பற்றிய பேச்சென முதலில் வரையறுத்தல்; பழஞ்சான்றையும் பிற்காலப் புனைவையும் வேறு பிரித்தல்; அந்நெறியினர் தம்மைப்பற்றித் தாமே கூறுவதைச் செவிமடுத்தல். மூன்றாவதற்கு, மாகோ அட்லர் 1979இல் வெளியிட்ட, ‘நிலவை இறக்குதல்’ எனப் பொருள்படும் நூல் பெரிதும் உதவும். பிறர் இட்ட பெயரால் அளக்கப்படும் துன்பத்தை அறிந்த நாம், பிறரை அவ்வாறு அளத்தல் முறையன்று.