மறுபடியும் மலை ஏறலாமா?

இருபது வயதில் ஏறிய மலை. நாற்பத்தைந்து வயதில் மீண்டும் கூப்பிடுகிறது.

போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் பழைய நினைப்போடு போகக் கூடாது. மலை அன்று இருந்தது போலவே இருக்கிறது. நம் உடம்புதான் மாறிவிட்டது.

உப்பளத்து ஊர்

விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது அனுமந்தை. ஒரு பக்கம் கடல். அந்த வட்டாரம் எங்கும் உப்பளங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தட்டை நிலம். வாரிக் குவித்த உப்புக் குவியல்தான் அங்கே மலை!

அந்த ஊரில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். கணவர் உப்பளத்தில் வேலை செய்கிறார். வாலிபத்தில் நண்பர்களோடு பர்வதமலைக்குப் போனவர். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, இரவெல்லாம் ஏறி, விடியலை உச்சியில் கண்டவர். பிறகு கல்யாணம், பிள்ளைகள், கடன். மலை மறந்தே போயிற்று. இப்போது பெரிய பிள்ளை வேலைக்குப் போகிறான். பழைய ஆசை திரும்பி வருகிறது.

"வர்ற பௌர்ணமிக்கு மலைக்குப் போகப் போறேன்" என்கிறார்.

"என்னங்க, இந்த வயசிலயா?" என்கிறாள் மனைவி.

"தினமும் உப்பு சுமக்கிற உடம்புடி இது! எனக்கு என்ன ஆகும்?"

இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது.

எதிரி யார்?

உப்புக் கூடை சுமக்கிறவருக்குத் தோளில் பலம் உண்டு. வெயிலைத் தாங்கும் சக்தியும் உண்டு. ஆனால் அவர் நடப்பது சமதரையில். மலைக்கு வேறு பலம் வேண்டும்.

ஏறும்போது மூச்சு வாங்கும். அது எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போதுதான் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. இறங்கும் ஒவ்வொரு அடியிலும் தொடைத் தசை உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. மாட்டு வண்டியைச் சரிவில் இழுத்துப் பிடிப்பது போல! பழக்கம் இல்லாத தசை இதனால் புண்ணாகிவிடும். வலி அன்றைக்கே தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உட்கார முடியாமல், எழ முடியாமல் செய்யும். களைத்த கால் இடறும். மலையில் பலர் விழுவது இறங்கும்போதுதான்.

படிப்படியாக

இதற்கு மருந்து என்ன? பழக்கம்தான். மூன்று மாதம் ஒதுக்கினால் போதும்.

முதலில் மயிலம். முருகன் கோயில் இருக்கும் சின்னக் குன்று. வாரம் ஒரு முறை ஏறி இறங்கலாம்.

அடுத்தது திருவண்ணாமலை கிரிவலம். சுமார் 14 கிலோமீட்டர். ஏற்றம் இல்லை. ஆனால் இரவில் தூக்கம் விழித்து நடக்க நல்ல பயிற்சி.

மூன்றாவது செஞ்சிக்கோட்டை. 2025-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்த கோட்டை. அதன் ராஜகிரி சுமார் 800 அடி உயரம். பையில் பாரம் வைத்துக்கொண்டு ஏறிப் பார்க்கலாம்.

இந்த மூன்றிலும் தேறியவர், திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பர்வதமலையை நினைக்கலாம். அது 4,500 அடிக்கு மேல். கீழே படிகள். மேலே போகப் போகச் செங்குத்துப் பாறை, இரும்புப் படி, சங்கிலி!

எவ்வளவு நேரம் ஆகும்? 1892-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறி நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று மைல் தூரத்துக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னும் ஒரு மணி நேரம். இது நல்ல பழக்கம் உள்ளவருக்கான கணக்கு. பல ஆண்டு கழித்துத் திரும்புகிறவர் இதைப் போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்வது நல்லது.

பையில் என்ன?

வீட்டிலேயே பையை எடை போடுங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முதல் முறை அதில் பாதி போதும்.

தண்ணீர், டார்ச்சு விளக்கு, மாற்று பாட்டரி, மழைக் கோட்டு, போர்வை, கம்பளிச் சட்டை. இவை கட்டாயம். "நம்ம ஊர்ல ஏது குளிரு?" என்று கம்பளியை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 2 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். 4,500 அடியில் 9 டிகிரி குறைந்துவிடும். வியர்வையில் நனைந்த சட்டையோடு உச்சிக் காற்றில் நின்றால் கடற்கரை மனிதருக்குப் பல் கிட்டிவிடும்.

புளிச்சோறு, அவல், வேர்க்கடலை, வெல்லம் போதும். புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். பழகிய ஷூவும், ஈரத்தைத் தேக்கி வைக்கும் பருத்திக்குப் பதிலாகக் கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறையும் கொப்புளத்தைத் தடுக்க உதவும்; ஈரமானால் மாற்ற இன்னொரு ஜோடி காலுறை இருக்கட்டும்.

இன்னொன்று. அனுமந்தைக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். அதுதான் உப்பு! வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தால் உடம்பில் உப்புக் குறைந்து தலைவலி, குமட்டல், மயக்கம் வரலாம். உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ நல்லது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்தும் குடிக்கலாம். கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாட்டியின் நடை

வயதானால் முடியாது என்பாரும் உண்டு. அவர்கள் அமெரிக்காவின் எம்மா கேட்வுட் பாட்டியின் கதையைக் கேட்க வேண்டும்.

பதினோரு பிள்ளைகளைப் பெற்றவர். அப்பலேச்சியன் மலைப்பாதை 2,000 மைலுக்கு மேல் நீளம். 1954-ஆம் ஆண்டில் அதில் நடக்கப் புறப்பட்டார். வழி தவறினார். மூக்குக்கண்ணாடி உடைந்தது. வனக்காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனார்.

மறு ஆண்டு மீண்டும் வந்தார். வயது 67. காலில் துணி ஷூ. தோளில் தானே தைத்த பை. 146 நாளில் முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தார்!

அவர் நடந்து முடித்ததை உலகம் பேசுகிறது. முதல் தடவை திரும்பி வந்தாரே, அதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

குரங்கணி சொன்ன பாடம்

திரும்பி வராதவர்களின் கதையும் நம் நாட்டில் உண்டு.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலை. முதல் நாள் மேலே கொழுக்குமலையில் இரவு தங்கியவர்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். காய்ந்த புல்லில் காட்டுத்தீ பிடித்தது. 23 உயிர்கள் போயின. தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாகப் பரவும். மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது.

அதற்குப் பிறகு அரசு கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. கோடையில் தீ அபாயம் இருக்கும்போது பாதைகளை மூடுகிறார்கள். அது நம் நன்மைக்காகத்தான். எந்த மலையானாலும், ஏற அனுமதி உண்டா, இரவில் தங்க அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேட்ட பிறகே பையைக் கட்ட வேண்டும்.

கோவை வெள்ளியங்கிரி மலையிலும் 2024-ஆம் ஆண்டில் பக்தர்கள் சிலர் மூச்சுத் திணறியும் மாரடைப்பாலும் இறந்தார்கள். நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ இடது கையிலோ வலி, உட்கார்ந்தும் அடங்காத மூச்சு இரைப்பு. இவை வந்தால் மேலே ஒரு அடியும் வைக்கக் கூடாது. துணைக்கு ஆள் வேண்டும் என்பது இதற்காகத்தான். 108 வண்டி அடிவாரம் வரைதான் வரும்.

மனைவி கேட்டது

இனி அனுமந்தை வீட்டுக்குத் திரும்புவோம். கணவர் டாக்டரிடம் காட்டிவிட்டார். மயிலத்துக்கும் செஞ்சிக்கும் போய் வந்துவிட்டார். பை தயார்.

மனைவி ஒன்றே ஒன்று கேட்கிறாள்.

"பாதி வழியில முடியலன்னா என்ன செய்வீங்க?"

"திரும்பி வந்துடுவேன்."

"அப்படின்னா போயிட்டு வாங்க."

அந்தப் பதிலைச் சொல்லத் தெரிந்தவருக்கு எந்த வயதிலும் மலை ஏறலாம். உச்சி எங்கும் ஓடிப் போகாது. அடுத்த பௌர்ணமிக்கும் அது அங்கேயேதான் இருக்கும்.