டக்ளஸ் ஃபிர்: அறிதலும் வளர்த்தலும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, பிரித்தானிய கொலம்பியா தொடங்கிக் கலிபோர்னியா வரையிலும் மலைச்சரிவுகளை மூடி நிற்பது டக்ளஸ் ஃபிர் என்னும் மரமாகும். பனிக்காலத்திலும் பசுமை மாறாத ஊசியிலை மரம் இது. இவற்றுள் மிக நெடியவை ஏறக்குறைய 100 மீற்றர் உயரம் வரை வளர்வன. நான்கு தென்னைகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு உயரம் எனலாம்.

பெயரிலே ஃபிர் என்றிருப்பினும் இஃது உண்மையான ஃபிர் அன்று. வன்கூவர் தீவிலே இம்மரத்தைக் கண்டு குறித்தவர் ஆச்சிபால்ட் மென்சீஸ் என்பவர். 1827இல் இதன் விதைகளைப் பிரித்தானியாவிற் பரவச் செய்தவர் டேவிட் டக்ளஸ் என்னும் ஸ்கொத்லாந்தர். ஒருவர் பெயர் தாவரநூற் பெயரிலும், மற்றவர் பெயர் மக்கள் வழக்கிலும் நிலைத்துவிட்டன. அறிஞர்கள் இதனை முதலிற் பைன் இனத்திலும், பின்னர் ஃபிர் இனத்திலும் சேர்த்து மயங்கினர். 1867இல் கரியேர் என்னும் பிரெஞ்சு அறிஞரே இதற்குத் தனி இனம் வகுத்தார். அவ்வினத்தின் பெயருக்குப் 'பொய் ஹெம்லொக்' என்பது பொருள்.

அறிஞரே மயங்கிய மரத்தைப் பிறர் அடையாளங் காண்பது எவ்வாறு? முதலில் இலையை நோக்குக. பைன் மரத்தில் ஊசிகள் இரண்டு முதல் ஐந்து வரை கொத்தாக இருக்கும். ஸ்புரூஸ் மரத்து ஊசி தனித்து நிற்பினும், நாற்பட்டையாய், கையைக் குத்தும். டக்ளஸ் ஃபிரின் ஊசியோ தனித்தது, தட்டையானது, மென்மையானது. கசக்கினால் நறுமணம் வீசும். அடுத்து, கிளைநுனி அரும்பைக் காண்க. அது கபில நிறமாய், நீண்டு, கூர்மையாக இருக்கும். உண்மையான ஃபிரின் அரும்பு பெரும்பாலும் குறுகி மழுங்கியது.

ஐயத்தை முற்றாகத் தீர்ப்பது காய்க்கூம்பு. உண்மையான ஃபிரின் கூம்புகள் கிளைமேல் நிமிர்ந்து நின்று, முதிர்ந்தபின் அங்கேயே உதிர்ந்து சிதறும். டக்ளஸ் ஃபிரின் கூம்புகள் கீழ்நோக்கித் தொங்கி, முழுமையாகவே நிலத்தில் விழும். அவற்றின் செதில்களுக்கிடையே முக்கூராய்ப் பிளந்த சிறு நாக்குகள் வெளியே நீண்டிருக்கும். செதிலுக்குள் ஒளித்த சுண்டெலியின் பின்னங்கால்களும் வாலும் போல அவை தோன்றுமென்று அந்நாட்டுச் சிறுவர்க்குக் கதை சொல்வர்.

இனி, வளர்க்கும் முறை. கோடை முடிவில், கூம்பு விரியுமுன் அதனைப் பறித்து, உலர்த்தி, சிறகுள்ள விதைகளைப் பிரித்தல் வேண்டும். விதைகளை நீரில் ஊறவைத்து, ஈரத்துடன் சில வாரங்கள் குளிரில் வைத்தாற் சீராக முளைக்கும். இயற்கையிலே பனிக்காலம் செய்யும் பணியை இது செய்கின்றது. இளவேனிலில் விதைத்து, இரண்டாண்டளவில் நாற்றைப் பெயர்த்து நடலாம். நீர் தேங்காத ஆழமான மண் இன்றியமையாதது. வேரோடு கூடி வாழும் பூஞ்சணங்களும் இதற்குத் துணை. ஆகவே வேற்றுமண்ணில் நடுவோர், இம்மரம் வளர்ந்த காட்டுமண்ணிற் சிறிது கலப்பதுண்டு.

விதை எங்கே பிறந்ததென்று அறியாமல் நடுதல் பெருந்தவறு. இம்மரத்திற் கரையோர வகை, மலையுள்நாட்டு வகை என இரண்டுண்டு. கரையோர வகையின் நாற்று உள்நாட்டுக் கடுங்குளிரிற் கருகும். உள்நாட்டு வகையை ஈரமான நிலத்தில் நட்டால் பூஞ்சண நோய் கண்டு ஊசிகள் உதிரும். நெல்லில் விதை தவறினால் ஒரு போகமே இழப்பு. இங்கோ பல்லாண்டு உழைப்பு வீணாகின்றது.

இம்மரம் ஒளியை நாடுவது. ஈரமிக்க கரையோரக் காட்டிலே தன் தாய்மரத்தின் அடர்நிழலில் இளங்கன்று தழைப்பதில்லை. முதுமரத்தின் பட்டை 30 சென்ரிமீற்றர் வரை தடித்துத் தீயைத் தாங்கும். காட்டுத்தீ வெளியாக்கிய நிலத்தில், எஞ்சிய முதுமரங்களின் விதைகள் வீழ்ந்து புதிய காடு எழும். தீயோ வேறு திறப்போ நெடுங்காலம் நிகழாதாயின், நிழல் தாங்கும் ஹெம்லொக் மரமே அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும்.

500 ஆண்டுக்கு மேலும் வாழவல்ல இம்மரங்களின் முதுகாடுகளிற் பெரும்பகுதி, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மரத்துக்காக வெட்டப்பட்டுவிட்டது. வெட்டிய இடத்தில் நாற்று நடப்படுகின்றது. பிரான்சு, ஜேர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலும் இம்மரம் தோட்டமாகப் பயிராகின்றது. எனினும் நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் அறுவடையாகும் தோட்டம் முதுகாட்டுக்கு ஈடாகாது. ஆதலின், எஞ்சி நிற்கும் முதுமரங்களைக் காத்தலும், தக்க விதையைத் தக்க நிலத்தில் இடுதலும் ஒருங்கே நடைபெற வேண்டியவையாகும்.